தோள் இறங்கினால் எந்த ஆபரேஷன் நல்லது?

"டாக்டர், தம்பிக்கு மறுபடியும் தோள் இறங்கிடுச்சு. திருச்சியில ஒரு டாக்டர், சின்னத் துளை போட்டுத் தைச்சுடலாம்ங்கிறார். தஞ்சாவூர்ல இன்னொருத்தர், அது நிக்காது, திறந்து எலும்பு வைக்கணும்ங்கிறார். எங்க மாமா, எண்ணெய்க் கட்டே போதும்ங்கிறார். ரெண்டு ஆபரேஷன்ல எது ஒசத்தி? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அறந்தாங்கியில் என் வைத்தியசாலைக்கு வந்து இப்படிக் கேட்கிற பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். கபடி ஆடும் பையன்கள், வடமாடு பிடிக்கப் போன இளைஞர்கள், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் வலை இழுக்கிறவர்கள், வண்டியில் இருந்து விழுந்த ஆசிரியைகள் என்று எல்லாரும் வருகிறார்கள். உடம்பில் உள்ள பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள்மூட்டுதான்.

'சித்த வைத்தியருக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் எலும்போ மூட்டோ பிசகினால் ஜனங்கள் முதலில் தேடுவது கட்டுப் போடுகிறவரைத்தான். கத்தி பிடிக்கும் டாக்டர் கடைசியில்தான் நினைவுக்கு வருவார். ஆகவே முதலில் கை வைக்கிறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். இன்னொன்றும் சொல்கிறேன். சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருந்துகளில் கட்டும் பற்றும் தொக்கணமும் மட்டும் இல்லை, அறுவையும் ஒன்று. எங்கே கட்டு, எங்கே அறுவை என்று பிரித்துச் சொல்வது வைத்தியனின் கடமை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'துளையா, திறப்பா?' என்பது இரண்டாவது கேள்வி. 'எலும்பு எவ்வளவு போயிருக்கிறது?' என்பதுதான் முதல் கேள்வி. அந்த முதல் கேள்வியைக் கேட்காமல் நாம் கடத்தும் ஒவ்வொரு மாதமும், சின்ன ஆபரேஷனில் முடிய வேண்டியதைப் பெரிய ஆபரேஷனாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

பானையும் பிரிமணையும்

தோள்மூட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். இடுப்பு மூட்டை ஆட்டுரலோடு ஒப்பிடலாம். ஆழமான குழிக்குள் குழவி நிற்பது போல் தொடை எலும்பின் தலை அதில் உட்கார்ந்திருக்கும். லேசில் வெளியே வராது. தோள் அப்படி இல்லை. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக இயற்கை அங்கே குழியை ஆழமாக வைக்கவில்லை. சின்னத் தட்டு ஒன்று; அதன் மேல் பெரிய பந்து ஒன்று. அவ்வளவுதான்.

பிறகு பந்து எப்படி நிற்கிறது? பழைய வீடுகளில் அடி உருண்ட மண்பானையைத் தரையில் அப்படியே வைக்க மாட்டார்கள். வைக்கோல் புரியில் வளையம் பின்னி, அந்தப் பிரிமணை மேல் வைப்பார்கள். தோள் தட்டின் விளிம்பிலும் குருத்துப் போன்ற ஒரு வளையம் இருக்கிறது. 'லேப்ரம்' என்று பெயர். அதுதான் தோளின் பிரிமணை. அதோடு சேர்ந்த தசைநார்களும், சுற்றியுள்ள தசைகளும் பந்தைப் பிடித்து வைக்கின்றன.

கையைத் தூக்கி, வெளிப்பக்கம் திருப்பி இருக்கும்போது ஒரு வெட்டு விழுந்தால் பந்து முன்பக்கமாக நழுவும். பந்து எறியும் நிலை, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது டிரைவர் சடன் பிரேக் போடும் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நழுவும்போது இரண்டு சேதம் நடக்கலாம். ஒன்று, தட்டின் முன் விளிம்பில் பிரிமணை பிய்ந்து போகும். சில சமயம் தட்டின் எலும்பிலும் ஒரு துண்டு சேர்ந்தே உடையும். இரண்டு, பந்தின் பின்பக்கம் தட்டு விளிம்பில் மோதி நசுங்கிப் பள்ளம் விழும். இந்தப் பள்ளத்தை 1940-ம் ஆண்டு ஹில், சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க எக்ஸ்ரே டாக்டர்கள் விவரித்தார்கள். இன்றும் அவர்கள் பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

பிரிமணை மட்டும் பிய்ந்திருந்தால் திரும்பப் பின்னி வைத்துவிடலாம். பிரிமணைக்குக் கீழே தரையே உடைந்திருந்தால்? எத்தனை புதுப் பிரிமணை வைத்தாலும் பானை உருளத்தான் செய்யும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், டாக்டர்கள் ஏன் வேறு வேறு ஆபரேஷன் சொல்கிறார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

நான் செய்த தவறு

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், 17 வயது, கபடி ஆடும்போது தோள் இறங்கி வந்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். எலும்பு முறிவு இல்லை. பதமாகச் சேர்த்தேன். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூன்று வாரம் கட்டு. பிறகு எண்ணெய். கை நன்றாக வந்துவிட்டது. அவன் அப்பா வாழைத்தாரோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஐந்து மாதத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி சேர்த்தேன், மறுபடி கட்டு. அடுத்தது நான்கு மாதத்தில். அதற்கடுத்த முறை கபடியே ஆடவில்லை. அலமாரி மேல் தட்டில் பெட்டியை எடுக்கும்போது போனது. ஏழாவது முறை தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது! ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சுலபமாக உள்ளே போனது. "கை பழகிடுச்சு அய்யா, உங்க கை ராசி" என்றார் அப்பா. கை ராசியா அது? விளிம்பு தேய்ந்துகொண்டே வருகிறது, அதனால்தான் சுலபமாகப் போய் வருகிறது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசியில் ஓர் எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கோபப்படவில்லை. "ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா தைச்சு விட்டிருப்பேன். இப்ப தைக்கிறதுக்கு விளிம்பு இல்ல. எலும்பு எடுத்து வைக்கணும்" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு வருஷம் என்னுடையது. பையனுடையது அல்ல, அவன் அப்பாவுடையதும் அல்ல. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மூன்று வாரம் கட்டினேன் என்று பெருமைப்பட்டேன் அல்லவா? ஸ்வீடன் நாட்டில் 1978-ல் தொடங்கி, தோள் இறங்கிய இளைஞர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று நான்கு வாரம் இறுக்கிக் கட்டியவர்களுக்கும், வலி குறைந்ததும் கையை விட்டவர்களுக்கும் மறுபடி நழுவுவதில் வித்தியாசம் தெரியவில்லை. கட்டு வலியைக் குறைக்கும், வீக்கத்துக்கு ஓய்வு தரும். பிய்ந்த பிரிமணையை அதன் இடத்தில் கொண்டுபோய் ஒட்டும் வேலையை மட்டும் கட்டை நம்பி விட முடியாது.

பிய்ந்ததைத் தைப்பது

இனி ஆபரேஷன்களுக்கு வருவோம். தோள் அடிக்கடி இறங்குவது புதிய நோய் இல்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டஸ் பெயரால் உள்ள நூல்களிலேயே, திரும்பத் திரும்ப இறங்கும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பது சொல்லப்பட்டிருக்கிறது. தழும்பு இறுகி மூட்டைப் பிடிக்கும் என்பது கணக்கு. நம் மருத்துவத்தில் சுட்டிகை என்று ஒன்று உண்டு, அதே எண்ணம்தான். நல்ல வேளை, இன்று தோளுக்கு யாரும் அதைச் செய்யத் தேவையில்லை.

1923-ல் லண்டனைச் சேர்ந்த பேங்கார்ட் என்ற சர்ஜன், தோள் திரும்பத் திரும்ப இறங்குவதற்குக் காரணம் முன் விளிம்பில் வளையம் பிய்ந்ததுதான், அதை அதே இடத்தில் திரும்பத் தைக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைக்கும் அடிப்படை ஆபரேஷன் அதுதான். பேங்கார்ட் ரிப்பேர் என்பார்கள். அன்று திறந்து செய்தார்கள். இன்று பெரும்பாலும் ஆர்த்ராஸ்கோப்பி முறையில் இரண்டு மூன்று சின்னத் துளை வழியே, கேமராவில் பார்த்து, 'ஆங்கர்' என்ற சிறு முளைகளை விளிம்பில் அடித்து, அதில் உள்ள நூலால் தைக்கிறார்கள்.

சின்னத் துளை என்றால் எல்லாருக்கும் பிடிக்கும். தழும்பு சிறியது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். கனடாவில் 196 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திறந்தும் மறு பாதிக்குத் துளை போட்டும் இதே தையலைப் போட்டுப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டுக்குள் மறுபடி தோள் தொல்லை கொடுத்தது, திறந்து செய்தவர்களில் 11 சதவீதம். துளை போட்டவர்களில் 23 சதவீதம். அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டதில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றுதான். மறுபடி நழுவும் ஆபத்து அதிகமாக இருந்தது இளவயது ஆண்களுக்கும், பந்தில் பள்ளம் விழுந்திருந்தவர்களுக்கும்.

இதிலிருந்து 'திறப்பதே சிறந்தது' என்று முடிவு கட்ட வேண்டாம். துளை சின்னதாக இருப்பதால் மட்டும் அது நல்ல ஆபரேஷன் ஆகிவிடாது. அதுதான் பாடம்.

இதைவிட முக்கியமான கணக்கு 2000-ம் ஆண்டில் வந்தது. பர்க்கார்ட், டி பியர் என்ற இரண்டு சர்ஜன்கள் துளை வழியே பேங்கார்ட் தையல் போட்ட 194 பேரைக் கவனித்தார்கள். எலும்பில் பெரிய சேதம் இல்லாதவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் மறுபடி இறங்கியது. எலும்பு பெரிய அளவில் போயிருந்தவர்களில்? 100-க்கு 67! ஒரே சர்ஜன்கள், ஒரே தையல். வித்தியாசம் கையில் இல்லை, நூலில் இல்லை; தரையில் இருக்கிறது. திருச்சி டாக்டரும் தஞ்சாவூர் டாக்டரும் வேறு வேறாகச் சொன்னால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். ஒருவர் எக்ஸ்ரே மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கலாம், இன்னொருவர் சி.டி. ஸ்கேனில் எலும்பை அளந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

எலும்பு வைப்பது

தட்டின் முன் விளிம்பு தேய்ந்து போனவர்களுக்கு ஃபிரான்ஸ் நாட்டு சர்ஜன் லாட்டர்ஜே 1954-ல் ஒரு வழி சொன்னார். தோளின் முன்பக்கம் காக்கை அலகு போல வளைந்த ஒரு சிறு எலும்பு உண்டு. அதன் பெயரே கிரேக்க மொழியில் காக்கை அலகு என்ற பொருளில்தான் அமைந்தது: கோரகாய்டு. அதன் நுனியை அதில் ஒட்டியுள்ள தசைநாணோடு வெட்டி எடுத்து, தேய்ந்த விளிம்பில் வைத்து, ஸ்குரூ போட்டு முடுக்கிவிடுவார்கள். தட்டு அகலமாகிறது. கையைத் தூக்கும்போது கூடவே வந்த தசைநாண், பந்துக்கு முன்னால் ஒரு வார் போல நின்று தடுக்கிறது. ஒரே வேலையில் இரண்டு காவல்!

இவ்வளவு நல்லதென்றால் எல்லாருக்கும் இதையே செய்துவிடலாமே? அதற்கும் விலை உண்டு. 1,904 தோள்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. மறுபடி முழுதாக இறங்கியது சுமார் 3 சதவீதம்தான். ஆனால் சிறிதும் பெரிதுமாக ஏதோ ஒரு சிக்கல் வந்தது 30 சதவீதம். மறு ஆபரேஷன் தேவைப்பட்டது 7 சதவீதம். வைத்த எலும்பு ஒட்டாமல் போவது, கரைவது, ஸ்குரூ தொந்தரவு, நரம்பு பாதிப்பு, கை வெளிப்பக்கம் திரும்புவது குறைவது எல்லாம் இதில் அடக்கம். பெரிய நரம்புகள் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் செய்கிற வேலை. பழக்கப்பட்ட கை வேண்டும். அதோடு ஒருமுறை எலும்பை இடம் மாற்றிவிட்டால் தோளின் அமைப்பே மாறிவிட்டது. பிறகு ஏதாவது ஆனால் சரிசெய்வது கஷ்டம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. தட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் பந்தின் பின்பக்கப் பள்ளம் பெரிதாக இருக்கிறது என்றால், பேங்கார்ட் தையலோடு சேர்த்துப் பின்பக்கத் தசைநாணைப் பள்ளத்துக்குள் தைத்து நிரப்பிவிடுகிறார்கள். 'ரெம்ப்ளிசாஜ்' என்ற ஃபிரெஞ்சுப் பெயரே 'நிரப்புவது' என்றுதான் பொருள். கனடாவில் நடந்து 2021-ல் வெளியான ஒரு பரிசோதனையில், வெறும் தையல் போட்டவர்களில் 18 சதவீதம் பேருக்குத் தோள் மறுபடி நழுவியது. நிரப்பியும் தைத்தவர்களில் 4 சதவீதம் மட்டுமே.

பழைய முறை ஒன்றையும் சொல்ல வேண்டும். புட்டி-பிளாட் என்று, முன்பக்கத் தசையை மடித்து இறுக்கித் தைப்பார்கள். தோள் இறங்காது, ஆனால் கை வெளியே திரும்பவும் திரும்பாது. பல ஆண்டு கழித்து மூட்டுத் தேய்மானமும் சேர்ந்துகொள்ளும். அதனால் இன்று அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது அந்தக் காலத்தில் தோள் ஆபரேஷன் நடந்து, இப்போது தலைக்குப் பின்னால் கை போகாமல் இருந்தால், இந்தக் காரணமாகவும் இருக்கலாம்.

எல்லாருக்கும் கத்தியா?

இல்லவே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன ஸ்வீடன் கணக்கில், 12 முதல் 25 வயதுக்குள் தோள் இறங்கி, ஆபரேஷன் செய்யாமல் விட்டவர்களில் பாதிப் பேருக்கு 25 ஆண்டுகளில் மறுபடி இறங்கவே இல்லை, அல்லது காலப்போக்கில் தானாகவே நிலைத்துவிட்டது. இன்னொரு பக்கம், எடின்பரோ நகரில் 15 முதல் 35 வயது வரை உள்ள 252 பேரைப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டே ஆண்டில் தோள் மறுபடி தொல்லை கொடுத்தது. இளவயது ஆண்களுக்குத்தான் மிக அதிகம். ஆக, 19 வயது கபடிக்காரனுக்கு ஒரு பதில். 32 வயது பேங்க் ஊழியருக்கு வேறு பதில்.

நாற்பது தாண்டியவர்களுக்கு மறுபடி இறங்கும் பயம் குறைவு. ஆனால் வேறொரு ஆபத்து உண்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாமியாருக்குத் தோள் இறங்கி, சேர்த்தும் விட்டார்கள் என்று வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை என்றால், 'வயசாச்சு, மெள்ள வரும்' என்று விடாதீர்கள். கையைத் தூக்கும் தசைநாண் கிழிந்திருக்கலாம். உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். தாமதித்தால் தைப்பது கடினமாகிவிடும்.

சில பெண் பிள்ளைகளுக்கு உடம்பில் எல்லா மூட்டும் இளக்கமாக இருக்கும். கட்டை விரலை வளைத்தால் முன்கையைத் தொடும். அடி எதுவும் படாமலே தோள் 'டக்'கென்று போய் வரும். இவர்களுக்குக் கத்தியைவிடத் தேர்ந்த பிசியோதெரபிதான் முதல் மருந்து. மாதக் கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டும். 'கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, வெளியில சொல்லாதீங்க' என்று மறைத்து வைப்பதால் நோய் போகாது.

வலிப்பு வந்தோ கரண்ட் ஷாக் அடித்தோ தோள் பின்பக்கமாக இறங்குவதும் உண்டு. இது ஒரே எக்ஸ்ரேயில் தெரியாமல் தப்பிவிடும். அப்படிப்பட்டவர்கள் 'எக்ஸ்ரே நல்லா இருக்குன்னுட்டாங்க' என்று திருப்திப்படாமல், கை வெளியே திரும்பவில்லை என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்பு உள்ளவர்கள் முதலில் வலிப்பை அடக்கிக்கொண்டு, பிறகுதான் தோள் ஆபரேஷனை யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வலிப்பே தையலைப் பிய்த்துவிடும்.

இறங்கிய அன்று என்ன செய்வது?

ஊர் நடுவில் நான்கு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் இழுப்பது வேண்டவே வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் இழுப்பில் அது இன்னும் பிளக்கும். தோளைச் சுற்றி ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கும். ஒரு துண்டைக் கழுத்தில் இருந்து தூளி போலக் கட்டி, கையை அதில் தாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோளின் வெளிப்பக்கம் தொட்டால் மரத்திருக்கிறதா, விரல்கள் அசைகின்றனவா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம். அதனால் 'களைப்பா இருப்பான்' என்று டீயோ சோடாவோ வாங்கிக் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகு சேர்ப்பதுதான் முறை. சேர்த்த பிறகும் ஒரு எக்ஸ்ரே.

நம் ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. எந்த ஆபரேஷன் அதில் அடங்கும் என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஆங்கர், ஸ்குரூ செலவு அதில் வருமா என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பில்லில் பெரிய தொகை அதில்தான் ஒளிந்திருக்கும்.

டாக்டரிடம் கேளுங்கள்

தயங்க வேண்டாம். 'டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறது, கோவிச்சுக்குவாரே' என்று வாய் மூடி வந்துவிட்டு, என்னிடம் வந்து கேட்பதில் பிரயோஜனம் இல்லை. இந்த ஆறு கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. தட்டின் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது? சி.டி. ஸ்கேனில் அளந்தீர்களா?
2. பந்தின் பின்பக்கப் பள்ளம் பெரிதா, சிறிதா? அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?
3. இவன் வயதுக்கும் இவன் விளையாட்டுக்கும் வேலைக்கும் மறுபடி இறங்கும் வாய்ப்பு எவ்வளவு?
4. நீங்கள் சொல்லும் ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?
5. ஆபரேஷன் செய்யாமல் பயிற்சி மட்டும் செய்தால் என்ன ஆகும்?
6. எத்தனை வாரம் தூளி, எத்தனை மாதம் பிசியோதெரபி, எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது விளையாடலாம்?

தட்டின் எலும்பில் 20, 25 சதவீதம் போனால்தான் எலும்பு வைக்க வேண்டும் என்று முன்பு ஒரு கோடு போட்டிருந்தார்கள். இப்போது அதைவிடக் குறைவான இழப்பிலும், முரட்டு விளையாட்டு ஆடும் இளைஞர்களுக்கு வெறும் தையல் போதாது என்று பலர் கருதுகிறார்கள். அதனால்தான் முதல் கேள்வியை முதலில் வைத்தேன்.

ஆறாவது கேள்வியும் லேசானது இல்லை. கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் ஐயரை உங்களுக்குத் தெரியும். 2021 மார்ச் 23 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்தபோது அவருடைய இடது தோள் நழுவியது. ஏப்ரல் 8-ல் ஆபரேஷன். மறுபடி ஐ.பி.எல். ஆட்டத்துக்கு வந்தது செப்டம்பரில். பக்கத்திலேயே பிசியோதெரபிஸ்ட், வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு, வேறு கவலை இல்லை. அவருக்கே ஐந்து மாதத்துக்கு மேல்! 'தையல் பிரிச்சாச்சே, ஒரு மாசத்துல ஆடலாம்ல?' என்று கேட்கும் நம் பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆபரேஷன் பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி பயிற்சி. அந்தப் பாதியை விட்டுவிட்டு டாக்டரைக் குறை சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எண்ணெய்க்கு எங்கே இடம்?

'அப்ப சித்த மருத்துவத்துக்கு இதுல வேலையே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதன் இடத்தில். தோள் சேர்த்த முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்ப்பது, இழுத்து முறிப்பது கூடவே கூடாது. ஆபரேஷன் ஆன தோளில், சர்ஜன் சம்மதம் இல்லாமல் எந்த வைத்தியரும் கை வைக்கக் கூடாது, நான் உட்பட. எலும்பு வைத்தவர்களுக்கு அது ஒட்டவே சுமார் மூன்று மாதம் ஆகும். அதற்குள் யாராவது 'நரம்பு எடுத்து விடுறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

காயம் ஆறி, சர்ஜனும் சரி என்ற பிறகு, தூளியில் கிடந்து இறுகிப்போன கழுத்துக்கும் முதுகுக்கும் முழங்கைக்கும் இதமாக எண்ணெய் தடவி ஒற்றடம் கொடுப்பது சுகம் தரும். பயிற்சி செய்ய உடம்பு வளைந்து கொடுக்கும். உளுந்தங்களி, முட்டை, கீரை, பால் என்று சாப்பாட்டைக் கவனியுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். புகை எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். கட்டும் எண்ணெயும் இப்படி ஆபரேஷனுக்குத் துணையாக நிற்கலாம். பிய்ந்த விளிம்பை மறைத்து வைக்கும் திரையாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

கட்டுப் போடும் என் சகோதர வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் முறை இறங்கி வந்தால் எக்ஸ்ரேயோடு பாருங்கள். 25 வயதுக்குள் இருந்தால் முதல் முறையே ஓர் எலும்பு டாக்டரின் கருத்தையும் கேட்டுவரச் சொல்லுங்கள். எந்த வயதாக இருந்தாலும் இரண்டாவது முறை இறங்கி வந்தால், சேர்த்த கையோடு அனுப்பிவிடுங்கள். நம் பெயர் போய்விடாது. பிள்ளைக்கு விளிம்பு மிஞ்சும்.

அந்தப் பையனுக்கு எலும்பு வைக்கும் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக ஒட்டியது. இன்று அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, சொந்தமாகக் கடை இருக்கிறது. கை வெளிப்பக்கம் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். கபடியை விட்டுவிட்டான். சென்ற மாதம் தன் மகளை ஜுரத்துக்காகத் தூக்கிக்கொண்டு வந்தான். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் மேல் தட்டில் இருந்த மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது, அவன் யோசிக்காமல் நீட்டியது மற்ற கையை.